பல் விழுந்த புலியும் பருத்துப்போன மான்களும்

ஒரு காட்டில் ஒரு புலிக்கு வயதாகிவிட்டது.

அதன் பெயர் உக்கிரபாண்டி. தனக்கு வயதானது அதற்குத் தெரியாது. மற்றவர்களுக்கும் தெரியாது. ஒரு மதிய நேரம் காட்டெருமைக் கன்று ஒன்றின் கழுத்தைக் கவ்வியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கன்று திமிறிக்கொண்டு ஓடியது. புலியின் கடைசிக் கோரைப்பல் அந்தக் கழுத்தில் குத்தியபடியே கூடப் போய்விட்டது.

கன்று பல்லைப் பிடுங்கி எறியவில்லை. அப்படியே கழுத்தில் வைத்துக்கொண்டு காடு முழுக்கச் சுற்றியது. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நின்று நின்று காட்டியது. சாயங்காலத்துக்குள் அந்தப் படம் எல்லோருடைய செல்போனுக்கும் போய்விட்டது.

மறுநாள் உக்கிரபாண்டி குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனது. வழக்கமாக அதன் வாசனை காற்றில் வந்ததுமே கரை காலியாகிவிடும். அன்று யாரும் அசையவில்லை. கோடைக்காலம், தண்ணீர் குறைவு, அதனால் எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். புலியும் வேறு வழி தெரியாமல் வரிசையின் கடைசியில் போய் நின்றது. வாழ்நாளில் அது வரிசையில் நின்றதில்லை. கால்களை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

முன்னால் நின்ற மான்குட்டி திரும்பிப் பார்த்தது.

"தாத்தா, உங்க வால் என் மேல படுது. கொஞ்சம் மடிச்சு வெச்சுக்குங்க."

உக்கிரபாண்டி வாலை மடித்து வைத்துக்கொண்டது. ஆனால் 'தாத்தா' என்ற சொல் அதன் நெஞ்சில் போய் நின்றுவிட்டது. தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. முதியோர் உணவுத் திட்டம் என்று ஒன்று காட்டில் இருந்தது. நீர்நாய்கள் தினமும் மீன் பிடித்து, முள் எடுத்து, குகை வாசலில் வைத்துவிட்டுப் போகும். மகன் புலி பக்கத்துக் காட்டில் செட்டிலாகியிருந்தது. எப்போதாவது வீடியோ காலில் வரும்.

"அப்பா, நீங்க ஏதாவது ஹாபி வெச்சுக்குங்க" என்று சொல்லும்.

"எனக்கு இருந்த ஒரே ஹாபிக்குத்தான் பல் வேணுமேடா" என்று புலி சொல்வதற்குள் லைன் கட்டாகிவிடும்.

கடைசியில் உக்கிரபாண்டி, ஆலமரத்தடியில் நடந்த மூத்த விலங்குகள் மனமகிழ் மன்றத்தில் சேர்ந்தது. அங்கே ஒரு கழுதைப்புலி சிரிப்புப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தது. கைகளைத் தூக்கிக் காரணமே இல்லாமல் சிரிக்க வேண்டும். ஆமைகள் சிரித்தன. கிழட்டுக் குரங்குகள் சிரித்தன.

"ஐயா, நீங்க ஏன் சிரிக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டது கழுதைப்புலி.

"யாரையாவது கடிச்சாத்தான் எனக்குச் சிரிப்பு வரும்" என்றது உக்கிரபாண்டி.

அன்றிலிருந்து அதைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். பின்வரிசையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். பொன்னுரங்கம் என்ற கரடி. புலிக்குச் சிறுவயது நண்பன்.

பொன்னுரங்கத்தைப் போல ஒரு நல்ல பிராணி அந்தக் காட்டில் கிடையாது. தேன் எடுத்தால் அடையில் பாதி அக்கம்பக்கத்துக்கு. யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் நாளே போய்ப் பந்தலுக்குக் கால் நடும். ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம் முயல்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்குமாக நடந்தது. அதற்கு வயதானதும் காடே கூடி, 'நல்ல உள்ளம்' என்று ஒரு பட்டம் கொடுத்து, சால்வை போர்த்தி, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பிவைத்தது. அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. போகாவிட்டால் நல்லவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நல்லவேளை நீ வந்தே பாண்டி. பேசறதுக்கு ஆள் இல்லாம வாய் ஒட்டிக்கிச்சு" என்றது கரடி.

"என்னத்தைப் பேசறது? நேத்து ஒரு முயல் என் மேல ஏறி நின்னு போட்டோ எடுத்துக்குது" என்றது புலி.

"உன் மேலயாவது ஏறுது" என்றது கரடி.

இது இப்படி இருக்க, மான்களுக்கு வேறு ஒரு கஷ்டம் வந்தது.

புலிக்குப் பல் விழுந்ததிலிருந்து மான்கள் ஓடுவதே இல்லை. ஓட என்ன அவசியம்? புல் மேயக்கூட நடப்பதில்லை. செல்போனில் சொன்னால் குரங்குகள் வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும். மான்கள் மர நிழலில் படுத்துக்கொண்டு, ஒரு கண்ணால் புல்லையும் இன்னொரு கண்ணால் போனையும் மேய்ந்தன. மெதுவாக எல்லோருக்கும் வயிறு தரையைத் தொட்டது. ஒருநாள் ஒரு பெரிய கலைமான் படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் கத்தியது. குரங்குகள் கூட்டமாக வந்து தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

மான்களுக்குத் தலைவி மரகதவல்லி. பொறுப்பானவள். அவளுக்கே முட்டு வலி, மூச்சு வாங்கல், சர்க்கரை. கொக்கு டாக்டரிடம் போனாள். டாக்டர் ஒற்றைக்காலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கடைசியா எப்ப ஓடினீங்க?"

"உக்கிரபாண்டி ஐயாவுக்குப் பல் இருந்தப்ப, டாக்டர்."

"ஓடணும். இல்லன்னா அடுத்த மழைக்காலத்தை உங்க கூட்டத்துல பாதிப்பேர் பார்க்க மாட்டாங்க" என்றார் டாக்டர்.

மரகதவல்லி பயந்துபோய் எல்லா மான்களுக்கும் காலடி எண்ணும் பட்டை வாங்கிக் கட்டினாள். மான்கள் அதைக் கழற்றி அணில்களின் கழுத்தில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டன. எண்ணிக்கை பிரமாதமாக வந்தது. அணில்கள்தான் இளைத்தன.

ஒரு காலை மரகதவல்லி நேரே புலியின் குகைக்கு வந்தாள். வாசலில் மீன் தின்றுகொண்டிருந்த உக்கிரபாண்டி, மான் தானாக நடந்து வருவதைப் பார்த்துக் கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டது.

"ஐயா, ஒரு உதவி. நீங்க எங்களைத் துரத்தணும்" என்றாள் மரகதவல்லி.

"என்ன, கிண்டலா?"

"கிண்டல் இல்லைங்க ஐயா. உங்களைவிட்டா எங்களை ஓடவைக்க இந்தக் காட்டுல ஆள் இல்ல. உங்க அனுபவம் வேணும்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் புலியின் மீசை தானாக நிமிர்ந்தது. பல் விழுந்த பிறகு அதனிடம் 'வேணும்' என்று யாரும் சொன்னதில்லை. 'வேணுமா?' என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றது கம்பீரமாக. மரகதவல்லி திரும்பி நடப்பதற்குள், "நாளைக்குக் காலையில வந்துடறேன்" என்றது.

மறுநாள் விடிந்ததும் உக்கிரபாண்டி புல்வெளிக்குப் போனது. மான்கள் வரிசையாக நின்றன. புலி பின்னங்கால்களில் எழும்பி, தொண்டையைச் செருமி, ஒரு கர்ஜனை விட்டது. பாதியில் இருமல் வந்துவிட்டது.

"ஐயாவுக்குத் தண்ணி குடுங்கப்பா" என்றது ஒரு மான்.

புலி ஓடியது. மான்கள் ஓடவில்லை. புலி பக்கத்தில் வந்ததும் நகர்ந்து வழி விட்டன. ஒரு குட்டி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே குதித்து வந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கிப் புலி உட்கார்ந்துவிட்டது. மான்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டன.

இப்படியே சில நாட்கள் போயின. உக்கிரபாண்டி மன்றத்துக்கு வந்து தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தது.

"என்னால ஆகலை பொன்னு. நாளைக்குப் போய், நான் வரலைன்னு சொல்லிடப்போறேன்."

"நீ மொறைச்சா யாருடா பக்கத்துல வருவாங்க? அன்பா நாலு வார்த்தை பேசு. யார் என்னன்னு விசாரி. பாசம் வந்துட்டா நீ சொல்றதைக் கேப்பாங்க" என்றது கரடி. கரடிக்கு வாழ்க்கை முழுக்கத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

புலிக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் மறுநாள் காலை கர்ஜிக்காமல் புல்வெளியில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் கனகசபை என்ற இளம் மான் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. கொழுகொழுவென்ற உடம்பு.

"தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டது புலி, குரலில் முடிந்தவரை அன்பை வரவழைத்துக்கொண்டு.

"ஏரிக்கரை நீலமேகத்தோட பேரனுங்க."

புலியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீலமேகம் பேரனா! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? எங்கேயோ பார்த்த சாயலா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். அந்தக் கழுத்து அப்படியே உரிச்சு வெச்சிருக்கு."

"எங்க தாத்தாவைத் தெரியுமாங்க உங்களுக்கு?"

"தெரியுமாவாவது! ஒரு மார்கழி மாசம், நல்ல பனி. ஓடைக்கரையில வெச்சுப் பிடிச்சேன். ஒரு வாரம் வந்துச்சு. அந்தத் தொடை இருக்கே தம்பி, அப்படி ஒரு மிருது. இன்னிக்கும் நினைச்சா நாக்குல இருக்கு. தங்கமான ஆளு!"

உக்கிரபாண்டி இதை மனசாரத்தான் சொன்னது. கண்ணில் லேசாக ஈரம்கூட வந்தது. நாக்கும் ஒருமுறை உதட்டைத் தடவியது.

கனகசபை அசைபோடுவதை நிறுத்தியது. மெல்ல எழுந்து நின்றது. அடுத்த கணம் அந்த இடத்தில் புழுதிதான் இருந்தது.

"தம்பி! தப்பா ஒண்ணும் சொல்லலையே, நில்லு!" என்று புலி எழுந்து பின்னால் போனது. அதைப் பார்த்துப் பக்கத்து மான் ஓடியது. அதைப் பார்த்து அதற்கடுத்த மான். கூட்டம் மொத்தமும் புல்வெளியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மூங்கில் காட்டைச் சுற்றிக்கொண்டு பறந்தது.

வெகுநேரம் கழித்து மரகதவல்லி மட்டும் திரும்பி வந்தாள். வாயில் நுரை. கால்கள் நடுங்கின. ஆனால் முகம் பளபளவென்று இருந்தது.

"ஐயா, அருமை! இப்படி ஓடி எத்தனை நாளாச்சு! நாளைக்கும் இதே மாதிரி நடத்திடுங்க" என்றாள்.

அன்று மீன் ரொம்ப ருசியாக இருந்தது உக்கிரபாண்டிக்கு.

அதற்குப் பிறகு காலை ஓட்டம் தவறாமல் நடந்தது. புலி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கும். தாத்தாவோ பெரியப்பாவோ அத்தையோ நினைவுக்கு வந்துவிடுவார்கள். அவர்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும். கேட்டவர் ஓடுவார். மான்களின் வயிறு உள்ளே போனது. முட்டு வலி போனது. கொக்கு டாக்டருக்குக் கூட்டம் குறைந்தது.

காட்டின் மற்ற பகுதிகளிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். கடமான்கள் வந்தன. முயல்கள் வந்தன. ஓட வேண்டிய அவசியமே இல்லாதவர்கள்கூட வந்தார்கள். "எங்க சித்தி ஒருத்தங்க திடீர்னு காணாமப் போனாங்க. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்குங்களா ஐயா?" என்று கேட்பார்கள். "இடது காது கொஞ்சம் மடங்கி இருக்குமா?" என்று புலி கேட்கும். கேட்டவர் அழுதுகொண்டே ஓடுவார். தங்கள் முன்னோரை இத்தனை அன்பாக நினைவு வைத்திருப்பவர் காட்டில் வேறு யாரும் இல்லை என்பதை அவர்கள் மெல்லப் புரிந்துகொண்டார்கள். கல்யாணங்களில் உக்கிரபாண்டிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். பக்கத்து நாற்காலிகளை மட்டும் காலியாக விட்டார்கள்.

உக்கிரபாண்டி தன் நண்பனை மறக்கவில்லை. ஒருநாள் பொன்னுரங்கத்தையும் புல்வெளிக்குக் கூட்டி வந்தது.

"இந்தக் காட்டுப்பன்றிப் பசங்களை நீ பார்த்துக்க" என்றது.

கரடி ஆசையாக ஒரு பன்றியிடம் போனது. "தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை?"

"சேத்துப்பள்ளம் வீரணன் மகனுங்க."

"வீரணனா! உங்கப்பா குட்டியா இருந்தப்ப குழியில விழுந்துட்டான். நான்தான் இறங்கித் தூக்கிவிட்டேன்."

"அப்படிங்களா? ரொம்ப நன்றிங்க" என்றது பன்றி. பிறகு கரடியின் வயிற்றில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.

பொன்னுரங்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தது, பன்றி விழித்துவிடக் கூடாதே என்று. மறுநாளிலிருந்து அது புல்வெளிக்கு வரவில்லை. மன்றத்துக்கும் வரவில்லை. புலி தேடிக்கொண்டு போனபோது கரடி ஒரு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

"எங்கேடா கிளம்பறே?"

"மிருகக்காட்சிசாலைக்கு. ஞாயித்துக்கிழமை காலையில ரோட்டோரம் அவங்க வண்டி வருதாம். போய் ஏறிக்கலாம்னு இருக்கேன்."

"பைத்தியமா உனக்கு? கம்பிக்குள்ள அடைச்சுடுவாங்கடா!"

"அங்கே லீவு நாள்ல ஜனம் அலைமோதுமாம் பாண்டி. குழந்தைங்க கை காட்டுமாம். 'கரடி, இங்கே பாரு'ன்னு கூப்பிடுமாம்." கரடி மூட்டையின் முடிச்சை இறுக்கியது. "இங்கே கம்பி இல்லை. யாரும் வரவும் இல்லை."

புலி உறுமிப் பார்த்தது. கெஞ்சிப் பார்த்தது. கரடி சிரித்துக்கொண்டே தலையாட்டியது. "உன் பாராட்டு விழாவும் அன்னிக்குத்தானே? வந்து பார்த்துட்டு அப்படியே போறேன். நல்லா இருப்பா" என்றது.

ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் விழா நடந்தது. மேடை போட்டிருந்தார்கள். மயில் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தது. மரகதவல்லி பேசினாள். "ஐயா எங்க குடும்பத்துல பலபேரைச் சாப்பிட்டிருக்கார். ஆனா மிச்சம் இருக்கிற எங்களைக் காப்பாத்தினதும் ஐயாதான்" என்றபோது பல மான்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. சால்வை போர்த்தினார்கள். மாலை போட்டார்கள். மாலை போட்டவர் போட்ட வேகத்தில் மேடையிலிருந்து குதித்து ஓடினார்.

உக்கிரபாண்டி பேச எழுந்தது. கூட்டத்தைப் பார்த்தது. கடைசி வரிசையில் பொன்னுரங்கம் மடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு பன்றிகள். நடுவில் யாரும் இல்லாததுபோல அவை கரடியைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தன. ஒன்று, "பெரியவரே, கொஞ்சம் அந்தப் பக்கம் மாறி உக்காருங்களேன்" என்றது. கரடி எழுந்து மாறி உட்கார்ந்தது. தூரத்தில் ரோட்டுப் பக்கம் ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது. கரடி மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டது.

புலி மைக்கைப் பிடித்தது.

"எல்லாரும் என்னைப் பெரிய ஆளுங்கறீங்க. இனிமே மறைக்க என் மனசு கேக்கலை. என்னைவிடப் பெரிய ஆள் ஒருத்தர் இங்கே கடைசி வரிசையில இருக்கார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கரடியும் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை.

"காணாமப் போனவங்க எல்லாரையும் நான்தான் தின்னேன்னு நினைக்கறீங்க. எனக்கு இருக்கறது ஒரு வயிறு. எத்தனை பேரைத்தான் நான் தின்ன முடியும்? யோசிச்சுப் பாருங்க. கல்யாண வீட்டுக்கெல்லாம் முதல் நாளே போய் நின்னது யாரு? வெள்ளத்துல முயல்களைத் தோள்ல ஏத்திக்கிட்டுப் போனது யாரு? ஏறின முயல் எல்லாம் இறங்கிச்சான்னு யாராவது பார்த்தீங்களா?"

முயல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

பொன்னுரங்கம் பதறி எழுந்தது. "ஐயையோ! அப்படியெல்லாம் எதுவும் இல்லைங்க! பாண்டி, என்னடா இது?"

"பாருங்க அந்த முகத்தை" என்றது புலி, குரலைத் தாழ்த்தி. "இதே முகத்தைப் பார்த்துத்தான் அவங்களும் நம்பினாங்க."

முதலில் பக்கத்திலிருந்த இரண்டு பன்றிகளும் ஓடின. பிறகு அந்த வரிசை. பிறகு அதற்கு முன்வரிசை. நாற்காலிகள் உருண்டன. மயில் மைக்கோடு மரத்தில் ஏறிக்கொண்டது. "நில்லுங்க, நான் சொல்றதைக் கேளுங்க!" என்று கரடி ஒவ்வொருவர் பின்னாலும் ஓடியது. விளக்கம் சொல்லிச் சொல்லி மூங்கில் காட்டைச் சுற்றி அது திரும்பி வந்தபோது வண்டி போய்விட்டிருந்தது.

பொன்னுரங்கத்துக்கு வந்த கோபத்தில் அது புலியின் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டது. உக்கிரபாண்டி மேடையில் தனியாக உட்கார்ந்து, மாலையிலிருந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. நண்பன் போய்விட்டானா, இருக்கிறானா என்று அதற்குத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் கரடி தானாகவே குளத்தங்கரைக்கு வந்தது. புலிக்குப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. இரண்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"காலையில பன்றிக் கூட்டம் பூரா என் வீட்டு வாசல்ல நிக்குது" என்றது கரடி கடைசியில். "டாக்டர் ஓடச் சொல்லியிருக்காராம். உன்கிட்ட ஒரே கூட்டமா இருக்காம். 'ஐயா, நீங்க எங்களைத் துரத்தணும்'னு கேக்கறாங்க."

"துரத்தினியா?"

"முட்டு வலியோட ஓடைவரைக்கும் ஓடினேன்." கரடி முட்டியைத் தடவிக்கொண்டது. "நல்லா இருந்துச்சு" என்றது பிறகு, யாரிடமோ ஒப்புக்கொள்வதுபோல.

புலி மெதுவாகப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தது.

"ஆனா ஒரு பையன் வந்து, 'எங்க மாமாவை நீங்கதானா?'ன்னு நேரா கேட்டுட்டான். எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு உனக்குத்தான் தெரியுமே."

"அடப்பாவி! உண்மையைச் சொல்லிட்டியா?" புலிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"உண்மையைத்தான் சொன்னேன். 'தம்பி, எனக்கு வயசாச்சு. யார் யாருன்னு இப்ப ஒண்ணும் ஞாபகம் இல்லை'ன்னு சொன்னேன்."

உக்கிரபாண்டி தன் நண்பனை வாய் பிளந்து பார்த்தது. இத்தனை கால அனுபவத்தில் அதற்கே இப்படி ஒரு பதில் தோன்றியதில்லை.

"அப்புறம்?"

"அப்புறம்தான் நிஜமாவே ஓடினாங்க" என்றது கரடி.

நீதி: முதுமையில் நாலு பேர் மதிக்க வேண்டுமானால், இளமையில் நாலு பேரைத் தின்றிருக்க வேண்டும். அதற்கு வழியில்லாத நல்லவர்கள், தங்களைப் பற்றி வாய் கூசாமல் பழி சொல்லக்கூடிய ஒரு நண்பனையாவது சம்பாதித்து வைத்துக்கொள்ள வேண்டும்.